குழாயடி அக்காவும் காலிக் குடங்களும்

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் குழாயடி என்று ஒன்று கிடையவே கிடையாது. வீட்டுக்கு வீடு சமையலறையில் ஒரு குழாய், குளியலறையில் இரண்டு, திருகினால் தண்ணீர். ஆனாலும் அங்கே குடியிருக்கிற அத்தனை பேருக்கும் அவள் குழாயடி அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மூன்றாம் மாடிக்குக் குடிவந்த புதிதில் பார்சல் கொண்டுவந்த ஆள் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, “அப்படி யாரும் இந்தக் கட்டடத்துலயே இல்லையேப்பா” என்று அவளே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் லிஃப்டில் இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. பார்சலை அனுப்பியது அவளுடைய மகள். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து போனில் மகள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கே கேட்டது.

குழாயடி என்கிற பட்டம் சும்மா வந்ததல்ல. ரயில் பாதைக்கும் மூடிப்போன நூல் ஆலையின் மதிலுக்கும் நடுவே முன்பு ஒரு சந்து இருந்தது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும், அவ்வளவு அகலம். அதில் நூற்றுச்சொச்சம் குடும்பம், ஒரே ஒரு குழாய். விடிகிற நேரத்தில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். வருகிறவரைக்கும் தூக்கம் கெடும், வந்த பிறகு மானம் கெடும். வல்லவன் குடம்தான் நிறையும். அவள் அப்போது கணவனைப் பறிகொடுத்துவிட்டு, சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சலவைக் கூடத்தில் துணி அலசப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் தடியன் ஒருவன் பெரிய டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வரிசையின் தலையில் நிறுத்தினான். எல்லோரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றார்கள். அவள் எட்டி ஓர் உதை விட்டாள். டிரம் உருண்டுபோய்ச் சாக்கடையில் உட்கார்ந்தது. அவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

“அடி, பாப்போம். அடிச்சு முடிச்சிட்டு அந்த டிரம்மை நீயேதான் சாக்கடையில இறங்கி எடுக்கணும்” என்றாள்.

சந்தே சிரித்துவிட்டது. அத்தனை பேர் சிரிக்கும்போது எந்தத் தடியனுக்கும் கை இறங்காது. அன்றிலிருந்து குழாயடி அவளுடைய ராஜ்ஜியம்.

ராஜ்ஜியம் என்றால் அதட்டல் மட்டுமில்லை. அவள் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. உடம்புக்கு முடியாமல் படுத்துக் கிடக்கிறவர்களின் குடத்துக்கு வரிசை கிடையாது, அதுதான் முதலில் நிறையும். வரிசையில் முன்னால் நிற்பவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்துவிட்டு வந்துதான் தன் குடத்தைப் பிடிக்கலாம். முணுமுணுத்தவர்கள் உண்டு. தங்களுக்கே காய்ச்சல் வந்தபோது முணுமுணுப்பு தானாக நின்றது. இன்னொரு காரியம் அவள் யாரிடமும் சொல்லாமல் செய்தது. எந்தக் குடம் எந்த வீட்டுடையது என்று அவளுக்கு அத்துப்படி. வழக்கமாக வருகிற குடம் ஒன்று வரவில்லை என்றால் உடனே அந்த வீட்டுக்கு ஓர் ஆளை விரட்டுவாள். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவர், தனியாக இருந்தபோது பிரசவ வலி கண்டவள், அடிபட்ட முகத்தோடு வெளியே வர வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த ஒரு மருமகள் என்று எத்தனையோ பேரை அந்தக் காலிக் குடங்கள் காட்டிக்கொடுத்திருக்கின்றன. கேட்டால் அவள் இதைப் பெரிய தொண்டு என்றெல்லாம் சொல்லமாட்டாள். “குடம் வரலன்னா ஆள் வரல. ஆள் வரலன்னா ஏன் வரலன்னு கேக்க மாட்டமா? இதுல என்ன இருக்கு” என்பாள்.

நகரம் ஊதிப் பெருத்தது. நூல் ஆலையை இடித்தார்கள், மதிலை இடித்தார்கள், சந்தின் மேலேயே அகலமான சாலை ஒன்று வரப்போகிறது என்றார்கள். சந்துக்காரர்களுக்கு இந்த எட்டு மாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு கிடைத்தது. சாவி வாங்கிய அன்று அவள் செய்த முதல் வேலை சமையலறைக் குழாயைத் திறந்ததுதான். தண்ணீர் கொட்டியது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் இடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. கையை நீட்டி நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வீணாகப் போகிறதே என்று பதறி மூடினாள். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தாள், நிஜம்தானா என்று. அந்தப் பெருமை இன்றைக்கும் அவளுக்கு அடங்கவில்லை. ‘சந்துல இருந்தப்போ என்ன ஒரு ஒத்துமை, அந்த வரிசையில நின்னு பேசினதே ஒரு சுகம்’ என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். “சுகமா? இரண்டு குடத்தைக் கையில குடுத்து உங்களை மழையில நிக்க வைக்கட்டுமா? அப்பத் தெரியும் சுகம்” என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஆனால் குழாய் உள்ளே வந்ததும் கதவு மூடிக்கொண்டது. இதை அவள் கவனிக்கத் தவறினாள். சந்தில் கதவு என்பது தூங்கும்போது சாத்துவது. இங்கே உள்ளே போனால் கதவு தானாகவே ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். நாளெல்லாம் யாரையும் பார்க்காமலே இருக்கலாம். இரண்டாம் மாடியில் ஒரு குடைக்காரர் இருந்தார், பழைய குடைகளைப் பழுதுபார்க்கும் ஒண்டிக்கட்டை. சந்தில் வரிசையில் முதல் குடம் எப்போதும் அவருடையதுதான். புது வீட்டுக்கு வந்த சில மாதங்களில் அவர் படுக்கையிலேயே போய்விட்டார். போனது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. எதிர் வீட்டில் ஆள் இருந்தது, பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது, மேலே கீழே எங்கும் ஆள் இருந்தது.

குழாயடி அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். “குழாயடியா இருந்திருந்தா தண்ணி நிக்கறதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். அவர் குடம் இல்லாம வரிசை ஆரம்பிச்சிருக்குமா? நாம எல்லாம் தண்ணி கிடைச்சுதுன்னு அந்த மனுசனை விட்டுட்டோம்” என்று தையல்காரியிடம் சொன்னாள். மகள் போனில் தன் பாட்டைப் பாடினாள். “இதுக்குத்தாம்மா சொல்றேன், என்கிட்ட வந்துடு. உனக்குன்னு அங்க யாரும்மா இருக்கா? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா?” அவள் போனை வைத்தாள்.

சமையலறை மேடைக்குக் கீழே அவளுடைய குடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. எல்லா வீட்டிலும் இதே கதைதான். தண்ணீர் உள்ளே வந்த பிறகு குடத்துக்கு வேலை இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. தையல்காரி தன் குடத்தில் வெட்டுத்துணி போட்டு வைத்திருந்தாள். குழாயடி அக்கா ஒரு குடத்தை எடுத்துத் தூசி தட்டினாள். எதையோ நினைத்துக்கொண்டாள். மறுநாள் தனியாகக் குடியிருக்கிற ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டினாள்.

திட்டம் ரொம்ப எளிது. படுக்கப் போகும்போது காலிக் குடத்தைக் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்போது அவள் மாடி மாடியாக வருவாள். அப்போதும் குடம் வெளியே இருந்தால் கதவு தட்டப்படும். தட்டியும் திறக்கவில்லை என்றால் உடைக்கப்படும். 

முதலில் சண்டைக்கு வந்தவர் நாலாம் மாடிக் கண்டக்டர். காலமெல்லாம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். “ஏம்மா, நான் உயிரோட இருக்கேன்னு உன்கிட்ட தினமும் ஆஜர் சொல்லணுமா?” என்று எகிறினார்.

“ஆமாண்ணே. இத்தனை வருசம் பஸ்ல ஏறினவங்களை எல்லாம் நீங்க எண்ணினீங்க இல்ல? இப்ப உங்களை நான் ஒருத்தி எண்ணிட்டுப் போறேன். குறைஞ்சா போயிடுவீங்க?”

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே ஒரு நீலக் குடத்தைத் தேடி எடுத்து, அதன் வயிற்றில் தான் வேலை பார்த்த பேருந்தின் வழித்தட எண்ணை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வெளியே வைத்தார். ஒருவர் எழுதினால் சும்மா இருப்பார்களா? தையல்காரி தன் குடத்துக்குத் துணியில் உறை தைத்துப் போட்டாள். ஐந்தாம் மாடி வெல்டர் உடைந்த கைப்பிடிக்குக் கம்பி வளைத்து மாட்டினார். பொழுது சாய்ந்தால் வராந்தாவில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பள்ளி மணி அடிக்கும்போது வெல்டருடையதைத் தவிர ஒன்றுகூட இருக்காது, அவரை மட்டும் அவள் தினமும் தட்டி எழுப்புவாள். மற்றபடி நாலைந்து தடவை கதவு தட்டவேண்டி வந்தது. ஒருவருக்கு மறதி, ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருத்திக்கு நெஞ்சுவலி. நெஞ்சுவலிக்காரி இன்றைக்கும் ஆறாம் மாடியில் திடமாக நடமாடுகிறாள். குழாயடி அக்காவுக்கு இதைச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, நிமிராமல் என்ன செய்யும்?

இந்த நேரத்தில்தான் கட்டடத்துக்குப் புது சூப்பர்வைசர் வந்தார். இளவயது, சட்டையில் மடிப்புக் கலையாது, வேலையில் சுறுசுறுப்பு. வந்த சில நாட்களிலேயே லிஃப்ட் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது, குப்பை நேரத்துக்குப் போனது. நல்ல பிள்ளைதான். ஒரே குறை, யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். குடங்களைப் பார்த்தார். வீட்டில் குப்பை சேர்ந்தால் மக்கள் வராந்தாவில் தள்ளிவிடுகிறார்கள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார்.

வீட்டு வசதித் துறையின் பெரிய அதிகாரியம்மா கட்டடத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எல்லோரும் அவரை ‘மேடம்’ என்றுதான் சொல்வார்கள். படிக்கட்டுகளைக் கழுவினார்கள், வாசலில் சாமியானா போட்டார்கள். குடியிருப்போர் சார்பில் நாலு வார்த்தை பேசவேண்டியது குழாயடி அக்கா. பேச்சு என்றால் அவளுக்குப் பயமில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம்.

அன்று காலை பள்ளி மணி அடித்ததும் வழக்கம்போல மாடிப்படி ஏறினாள். இரண்டாம் மாடியில் ஒரு குடம்கூட இல்லை. மூன்றில் இல்லை, நாலில் இல்லை. எட்டாம் மாடி வரைக்கும் வராந்தா துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ‘மேடம் வர்றாங்கன்னு எல்லாரும் நேரத்தோட எழுந்துட்டாங்க. நம்ம ஜனம் மானத்தைக் காப்பாத்திடுச்சு’ என்று நினைத்துக்கொண்டே இறங்கி, நல்ல புடவை கட்டிக்கொண்டு சாமியானாவுக்குப் போனாள். 

மேடத்தின் கார் வந்தது. சூப்பர்வைசர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேச அழைத்தார்கள். அவள் எழுந்து, “மேடத்துக்கு வணக்கம். நாங்க எல்லாரும் முன்ன ஒரு சந்துல இருந்தோம்” என்று ஆரம்பித்தாள். அப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரி பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, “ஏங்க, உங்க குடம் இருக்கா? என்னுதைக் காணோம். எழுந்து எடுக்கப் போனா அங்க இல்ல. உறையோட எவனோ கொண்டு போயிட்டான்” என்றாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. மைக்கில் நின்றவளுக்கே கேட்டது.

குழாயடி அக்காவின் பேச்சு நின்றது. எழுந்து எடுக்கப் போனபோது குடம் அங்கே இல்லை. அப்படியானால் யாரோ அதற்கு முன்பே எடுத்திருக்கிறார்கள். ஒரு குடத்தையா, எல்லாவற்றையுமா? தான் பெருமையோடு பார்த்துவிட்டு வந்த வெறும் வராந்தா அவள் கண்முன் வந்தது. வெல்டர் ராத்திரி வேலை முடித்து வருகிறவர், பள்ளி மணிக்கு முன்னால் அவர் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் குடமும் அங்கே இல்லையே. இது எப்படி அவளுக்குத் தோன்றாமல் போயிற்று?

“தம்பி, வராந்தாவுல இருந்த குடங்க எங்க?” என்று மைக்கிலேயே கேட்டாள்.

சூப்பர்வைசர் முகம் மலர்ந்தார். “விடியறதுக்கு முன்னாடியே ஆள் வெச்சு எல்லாத்தையும் அள்ளிட்டேன்க்கா. ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி போட்டிருக்கு. இப்ப பாருங்க, கட்டடம் எவ்வளவு சுத்தமா இருக்கு!”

அவள் மைக்கை அவர் கையில் திணித்தாள். “தையல், நீ இரண்டும் மூணும் தட்டு. ஆறாம் மாடியம்மா, உங்க மாடியும் ஏழும். தனியா இருக்கறவங்க எல்லார் கதவும். ஒண்ணு விடக்கூடாது” என்று கத்திக்கொண்டே படியைப் பார்த்து ஓடினாள். லிஃப்ட் மேடத்துக்காகக் கீழே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, அது அவள் கண்ணிலேயே படவில்லை. நல்ல புடவையின் கொசுவம் காலில் சிக்கியது. இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ‘அந்தக் குடைக்காரருக்குப் பிறகு இன்னொருத்தரை விட்டுட்டேன்னா நான் அக்காவும் இல்ல ஒண்ணும் இல்ல’ என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

நாலாம் மாடியில் கண்டக்டர் வீட்டுக் கதவு. தட்டினாள். “அண்ணே!” பதில் இல்லை. கூட்டத்தில் அவரைப் பார்த்தோமா என்று யோசித்தாள். பார்க்கவில்லை. மறுபடி தட்டினாள். காதைக் கதவில் வைத்தாள். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த சூப்பர்வைசருக்கு அப்போதுதான் விஷயம் பாதி புரிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

“உடை தம்பி” என்றாள் அவள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டையோடு தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

கண்டக்டர் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பு எலும்பு விட்டுப்போயிருந்தது. உடம்பு ஜில்லிட்டிருந்தது. விடிவதற்கு முன்பே வழுக்கி விழுந்திருக்கிறார், கத்திக் கத்திக் குரல் கட்டிவிட்டது. அவளைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டியா? மணி அடிச்சு ரொம்ப நேரமாச்சே, லேட்டு” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. “ஆனா நான் பயப்படலம்மா. குடம் வெளிய இருக்கு, எப்படியும் வந்து தட்டுவாங்கன்னு தெரியும். அதை நினைச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன்.”

வெளியே இல்லாத ஒரு குடத்தை நம்பிக்கொண்டு இந்த மனுஷன் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். குழாயடி அக்கா கட்டிலிலிருந்த போர்வையை எடுத்துவந்து அவர்மேல் போர்த்தினாள். சூப்பர்வைசர் வாசற்படியில் நின்று அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

மேடம் நாலு மாடியும் படியேறித்தான் வந்தார். ஆம்புலன்ஸ் போகிறவரை ஒதுங்கி நின்றார். பிறகு குழாயடி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டார். சந்து, குழாய், குடைக்காரர், குடம் எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, “இதை நிறுத்தக் கூடாது. ஆனா வராந்தாவுல குடம் வைக்க நான் அனுமதி தர முடியாதும்மா” என்றார்.

“என்ன மேடம், கண்ணால பாத்துட்டுமா இப்படிச் சொல்றீங்க?” அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“பாத்துட்டுத்தான் சொல்றேன். தீப்பிடிச்சா கரன்ட் போயிடும், புகையில எதுவும் தெரியாது. எல்லாரும் இந்த வழியாத்தான் ஓடணும். கால்ல ஒரு குடம் தட்டினா போதும், ஒருத்தர்மேல ஒருத்தர் விழுவாங்க. ஒருத்தரைக் காப்பாத்தற குடம் பத்துப் பேரைக் கொல்லக் கூடாது இல்லையா?”

குழாயடி அக்கா வராந்தாவின் நீளத்தைப் பார்த்தாள். சந்தில் ஒருமுறை அடுப்புத் தீ பிடித்தபோது குறுக்கே கிடந்த ஒரு சைக்கிளால் என்ன பாடுபட்டோம் என்பது அவளுக்கு மறக்கவில்லை. சண்டையில் எதிராளி சொல்வது சரி என்று தெரிந்த பிறகும் கத்துவது அவள் குணமில்லை. “அது நியாயம்தான்” என்றாள். குரல் இறங்கிவிட்டது. அவ்வளவுதானா, குடங்கள் மறுபடியும் அடுப்பு மேடைக்குக் கீழேதானா என்று நினைத்தாள்.

அப்போது தோளைத் தேய்த்துக்கொண்டே சூப்பர்வைசர் கேட்டார். வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். “மேடம், கீழ வைக்கத்தானே கூடாது? ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்துலயும் மீட்டர் பெட்டிக்குன்னு சுவர் உள்ள தள்ளி இருக்கே, அந்தக் குழிவுல ஒரு கொக்கி அடிச்சு மாட்டினா? நடக்கற வழிக்கு வராதே?”

மேடம் போய்ப் பார்த்தார். தானே சுவரில் ஒட்டி நடந்து பார்த்தார். இடிக்கவில்லை. “அடிங்க” என்றார். “தனியா இருக்கறவங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, எல்லா வீட்டுக்கும் அடிங்க. குடும்பத்தோட இருக்கறவங்களும் ஒருநாள் தனியாகலாம்.”

கொக்கிகளை அடிக்கச் சூப்பர்வைசர் ஆள் வைக்கவில்லை. துளைபோடும் மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்டக்டரின் காலடியில் உட்கார்ந்து, குடத்தை எடுத்தது நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். கண்டக்டர் அவரைக் கைகாட்டிப் பக்கத்தில் அழைத்தாராம். “அப்ப நான் வெறும் வாசலை நம்பிக்கிட்டா அவ்வளவு நேரம் கிடந்தேன்? போகுது விடு. கதவை உடைச்சதும் நீதானே? இறங்கற இடம் வந்தா சரி” என்றாராம். இப்போது அவருக்கு நடைப்பயிற்சி கொடுப்பது சூப்பர்வைசர்தான். மாலையில் இருவரும் வராந்தாவில் மெல்ல நடந்துபோவதைப் பார்த்தால் அப்பாவும் பிள்ளையும் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

கண்டக்டர் கம்பை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்று மூன்றாம் மாடியில் நின்று குழாயடி அக்காவின் கொக்கியைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

“உன் குடம் எங்கம்மா?”

“எனக்கெதுக்குண்ணே? நான்தான் எல்லார் வீட்டையும் சுத்தி வர்றேனே.”

“சுத்தி வரலன்னா? ஒருநாள் நீ வரலன்னா அது யாருக்குத் தெரியும்?”

குழாயடி அக்கா வெறும் கொக்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அன்று மாலை அடுப்பு மேடைக்குக் கீழே தேடி, சந்தில் இருபது வருஷம் இடுப்பில் சுமந்த நெளிந்த அலுமினியக் குடத்தை எடுத்தாள். தேய்த்துக் கழுவினாள். கொக்கியில் மாட்டிவிட்டுச் சற்று எட்ட நின்று பார்த்தாள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்தவரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு, தன்னைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் எழுதி மாட்டியது போல இருந்தது.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஏழாம் மாடிக்குப் புதிதாக ஒரு நர்ஸம்மா குடிவந்திருந்தாள், ஊருக்குப் புதியவள், தனியாள். குழாயடி அக்கா விடிந்தும் விடியாமலும் எழுந்து, அந்தப் பெண்ணுக்குக் குடத்தின் கதையை எடுத்துச் சொல்லப் போனாள். அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் தெரிந்ததுதானே. டிரம்மை உதைத்ததிலிருந்து தொடங்கினாள். பள்ளி மணி அடித்தது காதில் விழவில்லை. குடைக்காரர் வரைக்கும் வந்தபோதுதான் கீழே ‘தடதட’ என்று கதவு இடிபடும் சத்தம் கேட்டது. கூடவே கூச்சல்.

யாரோ விழுந்துவிட்டார்கள், நான் இங்கே கதையளந்துகொண்டு நிற்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஆறு, ஐந்து, நாலு. சத்தம் மூன்றாம் மாடியிலிருந்து. வராந்தா முழுக்க ஜனம். காலை வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தி கையில் கரண்டி, ஒருவர் முகத்தில் பாதி சவர நுரை. அவள் பின்னால் நின்று எம்பிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

“யாரு? யாருக்கு என்ன ஆச்சு? வழி விடுங்க” என்று முன்னால் நின்றவரின் முதுகைத் தள்ளினாள்.

தூக்கக் கலக்கத்தோடு நின்ற வெல்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “குழாயடி அக்கா கதவைத் திறக்கலங்க. மணி அடிச்சு இவ்வளவு நேரமாச்சு, குடம் வெளியவே தொங்குது. தள்ளாதீங்க, உடைக்கப் போறாங்க.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஊரார் குடத்தை எல்லாம் எண்ணக் கிளம்பியவள் தன் குடத்தை எடுத்து உள்ளே வைக்க மறந்திருந்தாள்.

கூட்டத்தின் இடுக்கில் பார்த்தாள். சூப்பர்வைசர் ஒரு தோளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். தையல்காரி போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் தன் ஊன்றுகோலாலேயே கதவை இடித்துக்கொண்டிருந்தார். “ஏய் குழாயடி! கதவைத் திற! எங்களை எல்லாம் எழுப்பி உசுரை எடுத்தவ, நீ படுத்துக்கிட்டா எப்படி? திறம்மா!” என்றார். கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

ஏதாவது கேலியாகச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் அவள் வாயெடுத்தாள். கை தானாக இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தேடியது. அவள் வீட்டுக் கதவை இதுவரை யாரும் இப்படித் தட்டியதில்லை. தட்டும்படி அவள் வைத்துக்கொண்டதும் இல்லை.

“உடைக்காதீங்க தம்பி” என்றாள் ஒருவழியாக. “சாவி என்கிட்ட இருக்கு.”

மொத்த வராந்தாவும் திரும்பியது. பிறகு எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள் பாருங்கள், அவள் தன் வாழ்நாளில் மற்றவர்களைத் திட்டியதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. கரண்டிக்காரி கரண்டியை ஓங்கினாள். வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். கண்டக்டர் மட்டும் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரி போனை அவள் கையில் திணித்தாள். மறுமுனையில் மகள்.

“அம்மா! அம்மா, நீயா? உனக்கு ஒண்ணும் இல்லயே?” அழுகையும் மூச்சுமாக வந்தது. “அங்க என்னம்மா இவ்வளவு சத்தம்? யாரு யாரும்மா இருக்கா அங்க?”

குழாயடி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி, சவர நுரை, ஊன்றுகோல், தூக்கம் தெளியாத கண்கள், ஏழாம் மாடியிலிருந்து பின்னாலேயே ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புது நர்ஸம்மா. வராந்தாவில் கால்வைக்க இடமில்லை.

“எல்லாரும்டி” என்றாள். “எல்லாரும் இருக்காங்க.”

பிறகு கதவைத் திறந்து, கொக்கியிலிருந்த குடத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.